அப்பாரு கட்டிய வீடு: பழுது பார்ப்பதா, ஒட்டிக் கட்டுவதா, மாடி எடுப்பதா, இடிப்பதா?

அப்பாரு, அதாவது தாத்தா, கட்டிய பழைய வீட்டை என்ன செய்வது என்று கொங்கு நாட்டில் கோபி, பெருந்துறை, தாராபுரம், உடுமலை என எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தாலும் வீடு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம் என்னும் கூடம், நடுவில் வாசல் என்னும் முற்றம், இரண்டு அறைகள், புகை படிந்த சமையல்கட்டு. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில். கழிப்பறை அதற்கும் அப்பால், மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டி. கட்டி அறுபது எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, இரவில் டார்ச் லைட்டோடு வெளியே போக முடியவில்லை. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்து, "இதை ஏதாவது செய்தாக வேண்டும்" என்று தொடங்குவார். அந்தப் பேச்சு அடுத்த பொங்கலுக்கும் அதே இடத்தில்தான் நிற்கும்.

எங்கள் வீட்டிலும் மூன்று பொங்கல் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு வழியாக வேலையை முடித்தோம். சிலவற்றைச் சரியாகச் செய்தோம், ஒன்றிரண்டில் நன்றாகச் சூடு பட்டுக்கொண்டோம்.

வழிகள் நான்கு: இருப்பதைப் பழுது பார்ப்பது, பழையதை வைத்துக்கொண்டு பின்னாலோ பக்கத்திலோ ஒட்டிக் கட்டுவது, மேலே மாடி எடுப்பது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று பார்த்துவிடுவோம்.

## முதலில் அளவுகோல்கள்

வீடு யாருடையது? சங்கடமான கேள்வி என்பதால் எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பட்டா இன்னும் அப்பாரு பெயரில் இருக்கலாம். அவர் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்து என்றால், தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் பெண் பிள்ளைகளுக்குச் சம உரிமை கொடுத்திருக்கின்றன. "சீர் செய்து அனுப்பியாயிற்று" என்பது சட்டத்தின் முன் நிற்காது. பத்திரம் தெளிவாக இல்லாத வீட்டில் ஒருவர் மட்டும் கைக்காசைப் போட்டுக் கட்டினால், நாளை பங்கு பிரிக்கும்போது அவர் போட்ட செங்கல் எது, பொதுச் செங்கல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. வங்கியும் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் கேட்காமல் கடன் தராது. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் பதிவுக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதை எழுதிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

சுவர் எதனால் ஆனது, எந்த மண்ணில் நிற்கிறது? மறைவான ஓர் இடத்தில் காரையைச் சுரண்டிப் பாருங்கள். விரலில் மாவாக உதிர்ந்தால் மண் சுவர். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் சுண்ணாம்புக் காரை. சுவரோரம் இரண்டடிக்கு இரண்டடி குழி தோண்டினால் கருங்கல் அடித்தளம் எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரியும். தூக்குக்குண்டு விட்டால் சுவர் சாய்ந்திருக்கிறதா என்பது தெரியும். விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். அந்த விரிசல் கோடையில் அகன்று மழைக்குப் பிறகு சுருங்கினால், குற்றம் சுவரில் இல்லை, அடியில் இருக்கும் கரிசல் மண்ணில் இருக்கிறது. ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும் மண் அது. மேலே எவ்வளவு பூசினாலும் விரிசல் திரும்பி வரும்.

கூரை மரத்தில் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துவிட்டு "கல் மாதிரி இருக்கிறது" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கூரையைத் தாங்கும் கைமரம் முதலில் உளுத்துப்போவது சுவரின் மேல் உட்காரும் முனையில்தான். அங்கே ஒரு கத்தி முனையைச் செருகிப் பாருங்கள்.

யார், ஆண்டுக்கு எத்தனை நாள் இருப்பார்கள்? அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்கு, பொங்கல் மூன்று நாளைக் கணக்கிட்டு ஐந்து படுக்கையறை கட்டுவது இங்கே அதிகம் நடக்கிறது. மீதி நாட்களில் அவற்றைக் கூட்டுவது அம்மாதான்.

வேலை நடக்கும்போது எங்கே இருப்பீர்கள்? மனிதர்கள் வாடகை வீட்டுக்குப் போகலாம். இரண்டு கறவை மாடுகள் போகாது.

பணம் கையிலிருந்தா, கடனா? பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. தாமே குடியிருக்கும் வீட்டைக் கட்டக் கடன் வாங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் முடித்தால், வட்டியில் ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வரை கழிக்கலாம். அதே வீட்டைப் பழுது பார்க்க வாங்கிய கடன் என்றால் 30,000 ரூபாய் மட்டுமே. புதிய முறையில் இரண்டுமே கிடையாது.

சதுர அடிக்கு எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும்.

## வழி 1: இருப்பதைப் பழுது பார்ப்பது

ஓடு மாற்றி, மரத்தைச் சரிசெய்து, கறையானுக்கு மருந்து அடித்து, மின்கம்பிகளை முழுவதும் புதிதாக இழுத்து, தரையைச் சீராக்குவது. கேட்கச் சின்ன வேலை. ஆனால் நான்கு வழிகளில் முன்கூட்டியே செலவைக் கணிக்க முடியாத வழி இதுதான். புதுக் கட்டடத்தைச் சதுர அடிக்குப் பேசிக் கொடுத்துவிடலாம். பழுது வேலையை எந்த மேஸ்திரியும் அப்படி எடுக்கமாட்டார். எல்லாம் நாள் கூலிக் கணக்கு. ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் ஒன்றைக் கழற்றினால் அதன் அடியில் மூன்று உளுத்த கைமரம் இருக்கும்.

ஓடுகளைப் பற்றி ஒன்று. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. சில ஓடுகளில் அந்த ஆண்டே பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டு தங்கள் வீடே 1865இல் கட்டியது என்று பெருமை பேசும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அது தொழிற்சாலைக்குப் பிறந்த ஆண்டு, உங்கள் ஓட்டுக்கு இல்லை. இதில் வேறொரு பயன் இருக்கிறது: ஓடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வரிப்பள்ளம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். கடையில் புது ஓடு வாங்கி நடுவில் செருகினால் சரியாக உட்காராது, அந்த இடத்தில் ஒழுகும். பொறித்திருக்கும் பெயரைக் குறித்துக்கொண்டு, இடிக்கும் வீடுகளில் அதே ஓட்டைத் தேடுங்கள். அல்லது நல்ல பழைய ஓடுகளை எல்லாம் தெருப் பக்கச் சரிவில் சேர்த்துவிட்டு, பின்சரிவு முழுவதற்கும் புது ஓடு போடுங்கள்.

இனி நான் சூடு பட்ட கதை. எங்கள் மேற்கு அறை மண் சுவர். பூச்சு உதிர்கிறது என்று சிமென்ட் பூச்சு போடச் சொன்னேன். போட்டவர் நல்ல வேலைக்காரர், அவர்மேல் குறையில்லை. இரண்டு ஐப்பசி தாண்டவில்லை, பூச்சு பூரி போல உப்பிக்கொண்டு வந்தது. மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருப்பவை. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தேங்கி மண்ணைக் கரைக்கிறது. மொத்தத்தையும் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு நீற்றி, கடுக்காய் ஊறலும் வெல்லமும் சேர்த்துப் பூசினோம். அதைச் செய்யத் தெரிந்த ஆளைத் தேடவே ஒரு மாதம் போயிற்று. இந்த வழியின் உண்மையான செலவு அந்தத் தேடல்தான்.

சுவர் நேராக நிற்கிறது, மண் செம்மண் அல்லது ஓடைக்கல் மண், இருப்பது இரண்டு பேர், பத்திரம் இன்னும் முடியவில்லை என்றால் இந்த வழி போதும். குறிப்பாகப் பத்திரம் முடியாத வீட்டில் இதைத் தாண்டி எதையும் செய்ய வேண்டாம்.

## வழி 2: பழையதை வைத்துக்கொண்டு ஒட்டிக் கட்டுவது

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், என் சாய்வு இந்தப் பக்கம்தான். ஆனால் ஒரு விதியோடு: தண்ணீர் புழங்குவது எல்லாம் புதியதில், தண்ணீர் இல்லாதது எல்லாம் பழையதில். பழைய சுவருக்குப் பகை ஈரம். ஆசாரத்தின் மூலையை மறைத்து ஒரு கழிப்பறை போட்டுவிட்டால் செலவு குறைகிறதே என்று தோன்றும். மண் சுவரில் குழாயைப் பதித்தால், எங்கே கசிகிறது என்று தெரிவதற்குள் சுவர் அடியில் கரைந்திருக்கும். ஆசாரம், படுக்கை, பூஜை அறை, அட்டாலி (பரண்) எல்லாம் பழைய வீட்டிலேயே இருக்கட்டும். சமையல், குளியல், கழிப்பறை, துணி துவைக்கும் இடம், அம்மாவுக்கு ஒரு படுக்கையறை ஆகியவை பின்னால் புதுக் கட்டடத்தில் வரட்டும். பெரும்பாலான வீடுகளுக்கு 350 முதல் 450 சதுர அடி போதுமானது.

இந்த வழி தோற்கும் வீடுகளில் பிழை பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும். பழைய சுவரில் பல் விட்டு, அதிலேயே புதுச் சுவரைக் கோத்துக் கட்டுவார்கள். பழைய கட்டடம் அமர வேண்டிய அளவு எப்போதோ அமர்ந்து முடித்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் கட்டிப்போட்டால் கோத்த இடத்தில் விரிசல் நிச்சயம். புதியதற்குத் தனி அடித்தளம் போட்டு, நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை மேலே தகரத்தாலும் பக்கத்தில் நெகிழும் பூச்சாலும் மூடுவதே முறை. கோவையில் 1900 பிப்ரவரியில் ஒரு வலுவான நில நடுக்கம் வந்திருக்கிறது. அப்படி ஒன்று வந்தால் மண் சுவரும் கான்கிரீட்டும் ஒரே மாதிரி ஆடாது. இடைவெளிக்கு அதுவும் ஒரு காரணம்.

அடித்தளம் தோண்டும்போது பழைய சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரே நாளில் பள்ளம் எடுக்க விடாதீர்கள். மூன்று நான்கு அடியாகத் தோண்டி, கட்டி நிரப்பி, அடுத்ததுக்குப் போக வேண்டும். பொக்லைன் வந்து அரை நாளில் முடித்துவிடும் என்பார்கள். சுவரையும் சேர்த்து முடித்துவிடும்.

கூரைகள் சந்திக்கும் இடம் அடுத்த தலைவலி. ஓட்டுச் சரிவின் தண்ணீர் முழுவதும் புதுச் சுவரில் போய் மோதும். அங்கே குறைந்தது ஓரடி அகலத்துக்குத் தகரக் கால்வாய் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் அதில் ஏறி வேப்பிலைச் சருகை அள்ள ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

தரை மட்டத்தில் ஏமாந்துவிட வேண்டாம். தார்ச்சாலை மேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால், புதியதை இரண்டடி தூக்கிக் கட்டலாம் என்பார் பொறியாளர். கட்டுவதே முழங்கால் வலிக்காரருக்காக என்றால், நடுவில் நான்கு படி வைப்பது என்ன கணக்கு? பழைய தரையும் புதிய தரையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தெருத் தண்ணீருக்கு முன்னால் தனி வடிகால் போடுங்கள். கழிப்பறைக் கதவு மூன்றடி அகலம் இருக்க வேண்டும்.

காற்றையும் பாருங்கள். ஆனி தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்றில் நம் பக்கத்து வீடுகள் ஜன்னலைத் திறக்க முடியாது. கழிப்பறையை மேற்கே வைத்தால் அந்த மூன்று மாதமும் வாடை ஆசாரத்துக்கு வரும். வாஸ்து பார்ப்பவர் எப்படியும் வருவார், அதைத் தடுக்க யாராலும் முடியாது. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே அவரைக் கூட்டிவந்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு வந்தால் அவருடைய ஒரு சொல்லுக்கு ஒரு சுவர் விலை. கழிவுநீர் உறிஞ்சுகுழி கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் அறுபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அதில் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஒட்டிக் கட்டுவதற்கும் கட்டட அனுமதி தேவை, வீட்டு வரியும் மறுமதிப்பீடாகும். கட்டும்போது வீட்டு மின் இணைப்பிலிருந்து கம்பி இழுத்துக் கலவை இயந்திரம் ஓட்டலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். தற்காலிக இணைப்பு வாங்க வேண்டியிருந்தால் அதன் கட்டணம் அதிகம். இவ்வளவு இருந்தும், குடும்பம் பழைய வீட்டிலேயே இருந்துகொண்டு வேலையை முடிக்க முடிவது இந்த வழியில்தான். மாடுகளும் இடம் மாற வேண்டியதில்லை.

## வழி 3: மேலே மாடி எடுப்பது

ஓட்டு வீட்டுக்கு வேண்டாம். மரச்சட்டத்தோடு சேர்த்து ஓட்டுக்கூரை சதுர அடிக்கு ஆறேழு கிலோ. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஏறக்குறைய முப்பது கிலோ. அதற்கு மேல் மாடிச் சுவர், இன்னொரு தளம், தண்ணீர்த் தொட்டி. மண் சுவர் இதற்காகக் கட்டப்பட்டது இல்லை. "உள்ளே தூண் செருகிவிடலாம்" என்பவர் ஒவ்வொரு தூணுக்கும் பழைய அடித்தளத்தை உடைப்பார். கடைசியில் வீட்டைத் தாங்கிப் பிடிக்க ஆன செலவு புது வீட்டுச் செலவை நெருங்கியிருக்கும். படிக்கட்டு ஒன்றே கீழே எண்பது முதல் நூறு சதுர அடியை விழுங்கும்.

எண்பதுகளுக்குப் பிறகு கான்கிரீட் தூண்களோடு கட்டிய வீடு என்றால் கதை வேறு. மேலே நீட்டிவிட்ட கம்பிகள் துருப்பிடித்து மெலியாமல் இருக்கின்றனவா என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மாடி எடுக்கலாம். திருப்பூர், ஈரோடு நகருக்குள் மாடி வாடகைக்கு விடவும் உதவும். தோட்டத்து வீடான சாளையில் மாடி எடுத்தால் அங்கே தேங்காய்தான் காயும்.

## வழி 4: இடித்துவிட்டுப் புதிதாக

வெளிப்படையாகத் தெரியும் செலவு இங்கேதான் அதிகம், ஆனால் கணக்கு தெளிவு. தெளியாதவை இவை:

பழைய வீடு எல்லைக்கல் வரை கட்டியிருக்கும். இன்றைய கட்டட விதிகளின்படி முன்னும் பக்கமும் இடம் விட வேண்டும். ஊருக்குள் ஒடுங்கிய மனையில் புது வீடு பழையதைவிடச் சின்னதாகிவிடுவது உண்டு. பங்காளி வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால், உங்கள் பக்கம் இடிக்கும்போது அவர் பக்கமும் அசையும். சுவருக்கு முன் உறவு அசையும். இடிப்பதற்கு முன் அவர் வீட்டுச் சுவரைப் படம் எடுத்து, எழுத்தில் ஒரு உடன்பாடு போட்டுக்கொள்ளுங்கள்.

இடித்துத் தருபவர் "நாங்களே உங்களுக்குப் பணம் தருகிறோம்" என்றால் மகிழ வேண்டாம். உங்கள் தேக்குத் தூணுக்கும் கதவு நிலைக்கும் கதவுக்கும் அதைவிட அதிகம் கிடைக்கும் என்பதால்தான் தருகிறார். மரத்தைத் தனியே இறக்கி, தனியே விலை பேசுங்கள். வாடகை வீட்டுக்கு ஓர் ஆண்டு என்று கணக்கிடுங்கள், பத்து மாதம் என்று யார் சொன்னாலும். செங்கல்லுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2021இல் கோவை அருகே தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியின்றி இயங்கிய சூளைகள் மூடப்பட்ட பிறகு, முன்பு போல நினைத்த அன்றே லோடு வந்து இறங்குவதில்லை. நிலக்கரிச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல்லையும் விசாரித்துப் பாருங்கள். கான்கிரீட் தளத்துக்கு அடியில் சித்திரை இரவு எப்படி இருக்கும் என்பது படுத்தவர்களுக்குத் தெரியும். ஏசியும் அதன் மின்கட்டணமும் இந்த வழியின் நிரந்தரச் செலவு. மழைநீர் சேமிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி மட்டும் முன்பைவிட எளிது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனே அனுமதி கிடைக்கிறது.

கரிசல் மண்ணில் ஆண்டுதோறும் அகலும் விரிசல், தூக்குக்குண்டில் தெரியும் சாய்வு, மரம் முழுவதும் கறையான், தெருவைவிட இரண்டடி பள்ளத்தில் கிடக்கும் தரை. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் தயங்காமல் இடியுங்கள். அந்த வீட்டில் பழுது பார்ப்பது பாசம் இல்லை, பிடிவாதம்.

## ஒரே பார்வையில்

| | பழுது | ஒட்டிக் கட்டுவது | மாடி | இடித்துக் கட்டுவது |
|---|---|---|---|---|
| பத்திரம் தெளிவில்லை என்றால் | செய்யலாம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டவே வேண்டாம் |
| மண் சுவர் | சுண்ணாம்பு மட்டும் | தனி அடித்தளத்தோடு | முடியாது | பொருட்டில்லை |
| கரிசல் மண் விரிசல் | திரும்ப வரும் | புதியது மட்டும் தப்பும் | ஆபத்து | ஏற்றது |
| வேலையின்போது குடியிருப்பு | அறை மாற்றி அறை | உள்ளேயே | கடினம் | வெளியே |
| செலவைக் கணிக்க | கடினம் | ஓரளவு | கடினம் | எளிது |
| மறைந்த செலவு | ஆள் தேடுவது | இணைப்பு, தகரம் | தூண், படிக்கட்டு | வாடகை, இழக்கும் இடம் |

## எந்த மாதத்தில் எதை

ஓட்டைப் பிரிக்க மாசியும் பங்குனியும்தான். சித்திரை பிற்பகுதியில் கோடை மழை காற்றோடு வரும், திறந்த கூரையின் கீழ் மண் சுவர் ஒரு மழைக்கே தாங்காது. கான்கிரீட்டைக் கோடையில் போட்டால் பத்து நாளுக்குக் குறையாமல் தண்ணீர் கட்டி நனைக்க வேண்டும். ஆழ்குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று அப்போது பார்க்கக்கூடாது, முன்பே பார்க்க வேண்டும். ஆனிக்குள் கூரை மூடியிருந்தால் ஆடிக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை.

ஆடியில் எப்படியும் யாரும் கடைக்கால் போடமாட்டார்கள். அந்த மாதத்தைப் பத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்குக்கு அக்கா தங்கைகள் பவானி கூடுதுறைக்கு வருவார்கள், அத்தையும் வருவார். அன்று மாலை தாய்ப்பத்திரத்தை ஆசாரத்தில் விரித்துவைத்துப் பேசிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே ஒழுகுகிறது, எந்த விரிசல் சுருங்குகிறது என்று குறித்துக்கொண்டால், தையில் வரும் மேஸ்திரிக்குக் காட்ட உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும்.